தம் தோல்வியைத் தாமே எண்ணிச் சொன்ன பட்டாளத்து டாக்டர்

ஒரு வாலிபனுக்கு முழங்காலில் அடிபடுகிறது. டாக்டர் ஆபரேஷன் செய்கிறார். சில மாதங்களில் அவன் எழுந்து நடக்கிறான். வீட்டார் கைகூப்பி நன்றி சொல்கிறார்கள். டாக்டருக்கும் மகிழ்ச்சி.

அதற்குப் பிறகு?

அவன் வேலைக்குப் போய்விடுகிறான். வேறு ஊரில் குடியேறுகிறான். கால் மறுபடியும் தொந்தரவு கொடுத்தால், அந்த ஊர் டாக்டரிடம் காட்டுகிறான். முதல் டாக்டரோ தாம் செய்த ஆபரேஷன் வெற்றி என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படி நினைத்துக்கொண்டு சும்மா இருக்க ஒரு டாக்டருக்கு மனம் வரவில்லை. அவர் பெயர் ஜான் பேகின். அமெரிக்க ராணுவத்தில் கர்னல். எலும்பு ஆபரேஷன் நிபுணர்.

தாமும் தம் சகாக்களும் ஆபரேஷன் செய்த வாலிபர்களின் முழங்கால்கள் ஐந்து வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கின்றன என்று அவர் எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் தோல்வி என்று தெரிந்தது. அதை மூடி மறைக்காமல் 1976-ம் ஆண்டில் அச்சிலே வெளியிட்டார்.

உலகம் முழுவதும் முழங்கால் வைத்தியம் திசை திரும்ப அந்தக் கணக்கு ஒரு முக்கிய காரணம். அன்று கைவிடப்பட்ட அதே வைத்தியம் இன்று புது உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதனால் பேகின் போட்ட கணக்குக்கு இப்போது மறுபடியும் வேலை வந்திருக்கிறது.

ஹட்சன் நதிக்கரையில்

நியூயார்க் மாகாணத்தில் ஹட்சன் நதிக்கரையில் வெஸ்ட் பாயிண்ட் என்ற இடம் இருக்கிறது. அமெரிக்க ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்யும் கல்லூரி அங்கே 1802-ம் ஆண்டில் தொடங்கியது. இன்று அதில் சுமார் 4,400 பேர் படிக்கிறார்கள். படிப்பு நான்கு வருடம்.

அங்கே புத்தகப் படிப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு மாணவரும் விளையாடியே தீரவேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பேர்பெற்ற மக்ஆர்தர், 1919 முதல் 1922 வரை இந்தக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். எல்லாரும் விளையாட வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பலப்படுத்தியவர் அவர்தான்.

குத்துச்சண்டை, ஜிம்னாஸ்டிக்ஸ், கூடைப்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து என்று பல ஆட்டங்கள் அங்கே உண்டு. ஆட்டம் இருந்தால் அடியும் இருக்கும். முழங்கால்தான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

ஜான் பேகின் பிறந்தது 1934-ம் ஆண்டில். இதே கல்லூரியில் படித்து 1955-ல் தேறினார். பிறகு டியூக் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து 1961-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் மாணவராக ஓடி ஆடிய அதே வெஸ்ட் பாயிண்டுக்கு எலும்பு டாக்டராகத் திரும்பி வந்தார்.

முழங்காலுக்குள் ஒரு பெருக்கல் குறி

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். இந்த இரண்டு எலும்புகளையும் பலமான நார்கள் கட்டிவைத்திருக்கின்றன. இரு பக்கமும் வெளியே இரண்டு நார்கள். மூட்டுக்கு உள்ளே இரண்டு நார்கள். உள்ளே இருப்பவை பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அதனால் அவற்றுக்குக் குறுக்கு நார்கள் என்று பெயர்.

இவற்றில் முன்னால் இருக்கும் நார்தான் இந்தக் கதைக்கு மூலகாரணம். சுண்டுவிரல் பருமன், சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம். அவ்வளவுதான். ஆனால், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் தடுப்பது அதுதான். உடம்பைத் திருப்பும்போது முழங்கால் பிசகாமல் காப்பதும் அதுதான்.

ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது அது அறுந்துபோகும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கினாலும் அறுந்துபோகும். யாரும் மோதவே வேண்டியதில்லை. ‘பட்’டென்று சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். சிறிது நேரத்தில் முழங்கால் வீங்கிவிடும்.

கபடி ஆடுகிறவர்களுக்கும் கால்பந்து ஆடுகிறவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். ஊரில் பொதுவாக ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

வீக்கம் வடிந்ததும் நேராக நடக்க முடியும். திரும்பினால்தான் ஆபத்து. முழங்கால் ‘கழன்று’ கீழே தள்ளிவிடும். அப்படிப் பல தடவை நடந்தால் மூட்டுக்குள் இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு நைந்துபோகும். இளவயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்துவிடும்.

அறுந்தால் தைக்கலாமே!

அறுந்த நாரை என்ன செய்வது? துணி கிழிந்தால் தைக்கிறோம். நாரையும் தைத்தால் போகிறது! டாக்டர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்.

1895-ம் ஆண்டில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து டாக்டர் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலைத் திறந்தார். அறுந்துபோன குறுக்கு நார்களைத் தைத்தார். ஆறு வருடம் கழித்தும் அந்தத் தொழிலாளி கால் நன்றாக இருப்பதாகச் சொன்னார். வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்.

1950-ல் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாகாணத்து டாக்டர் ஓ டானஹ்யூ இன்னும் அழுத்தமாகச் சொன்னார். விளையாட்டு வீரருக்கு முழங்கால் நார் அறுந்தால் நாள் கடத்தக் கூடாது. உடனே ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும் என்றார்.

பேகினும் அவருடைய சகாக்களும் வெஸ்ட் பாயிண்டில் இந்த வழியையே பின்பற்றினார்கள். முன் குறுக்கு நார் மட்டும் அறுந்திருந்த மாணவர்களுக்குத் தையல் போட்டார்கள். மாணவர்கள் தேறினார்கள். மைதானத்துக்குத் திரும்பினார்கள். இந்த அனுபவத்தை 1972-ல் எலும்பு டாக்டர்களின் முன்னிலையில் எடுத்துச் சொன்னார்கள். ஆரம்ப கால பலன் நம்பிக்கை தருவதாகவே இருந்தது.

மற்றவராக இருந்தால் அதோடு நிறுத்தியிருக்கலாம். பேகின் நிறுத்தவில்லை.

ஐந்து வருடம் கழித்து

பேகினும் டாக்டர் வால்டன் கர்ல் என்பவரும் பழைய நோயாளிகளைத் தேடிப் பிடித்தார்கள். ஆபரேஷன் நடந்து ஐந்து வருடம் ஆன 32 பேரின் நிலையை விசாரித்தார்கள்.

ஏறக்குறைய எல்லாருக்கும் முழங்கால் ஏதோ ஒரு அளவில் ஆட்டம் கண்டிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு வலி இருந்தது. 32 பேரில் 17 பேருக்கு அதே முழங்காலில் மறுபடியும் அடிபட்டிருந்தது.

ஆரம்பத்தில் வெற்றியாகத் தெரிந்தது ஐந்து வருடத்தில் கரைந்துபோயிருந்தது!

1976-ல் விளையாட்டு வைத்தியப் பத்திரிகை ஒன்றில் இருவரும் இந்தக் கணக்கை வெளியிட்டார்கள். படித்த டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். தாங்களும் இதே ஆபரேஷனைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று யோசித்தார்கள்.

சுரங்கத் தொழிலாளி ஒருவர் நன்றாக இருந்தது உண்மை. ஆனால் ஒருவர் நன்றாக இருப்பதை வைத்து எல்லாரும் நன்றாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பலரை எண்ண வேண்டும். பல வருடம் காத்திருக்க வேண்டும்.

பட்டாளத்தில் கிடைத்த வசதி

இந்தக் கணக்கு ஏன் ஒரு பட்டாளத்து டாக்டரிடமிருந்து வந்தது?

ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பல வயதினர். பல தொழில் செய்பவர்கள். போனால் திரும்பி வரமாட்டார்கள். வெஸ்ட் பாயிண்ட் அப்படியல்ல. எல்லாரும் ஒரே வயது வாலிபர்கள். ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி. அடிபட்டால் போவது ஒரே ஆஸ்பத்திரி. தேறியபின்னும் சில வருடம் ராணுவத்தில் சேவை செய்தே ஆகவேண்டும். ஆகவே, யார் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது எளிது.

இன்னொன்றும் உண்டு. ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளி பிழைத்து எழுந்தால் டாக்டருக்கு நல்ல பெயர். பட்டாளத்தில் அது போதாது. ஆபரேஷன் செய்த கால் மூட்டை சுமந்து ஓடுமா, மேட்டில் ஏறுமா என்று பார்த்தாக வேண்டும். ஓடும்போது கழன்றுவிடும் முழங்கால் ஒரு சிப்பாயின் உயிருக்கே உலை வைக்கும். தோல்வியை மறைத்தால் நஷ்டம் அவனுக்குத்தான்.

பேகினுக்குப் பிறகு வந்தவர்களும் இந்த வழக்கத்தை விடவில்லை. ராணுவ டாக்டர் ராபர்ட் ஆர்சியரோ 1994-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். அது தோள்பட்டையைப் பற்றியது. முதல் தடவையாகத் தோள் நழுவிய 36 மாணவர்களை அவரும் சகாக்களும் கவனித்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் கட்டுப் போட்டு வைத்த 15 பேரில் 12 பேருக்குத் தோள் மறுபடியும் நழுவியது. சிறு துளை வழியாகக் குழாய் நுழைத்து ஆபரேஷன் செய்த 21 பேரில் 3 பேருக்கு மட்டுமே நழுவியது.

தோளைப் பொறுத்தவரை கணக்கு ஆபரேஷன் பக்கம் பேசியது. முழங்காலில் தையலுக்கு எதிராகப் பேசியது. எந்தப் பக்கம் பேசினாலும் கேட்டுக்கொள்வதுதான் முறை.

புது நார் வந்தது

தையல் ஏன் நிற்கவில்லை?

கையில் வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் உறைகிறது. அந்த உறைவு பாலம்போல நின்று இரு பக்கத்துச் சதையையும் சேர்க்கிறது. முழங்காலுக்கு வெளியே இருக்கும் நார் அறுந்தாலும் இப்படித்தான் கூடுகிறது. ஆனால் மூட்டுக்குள்ளே எப்போதும் ஒரு நீர் இருக்கிறது. அங்கே ரத்தம் உறைந்து நிற்பதில்லை. பாலம் இல்லை. ஆகவே, நாரின் இரண்டு முனைகளும் சேருவதில்லை. நூல் மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

1976-க்குப் பிறகு டாக்டர்கள் வேறு வழியில் முழுமூச்சாக இறங்கினார்கள். அறுந்த நாரைத் தைப்பதை விட்டார்கள். நோயாளியின் உடம்பிலிருந்தே முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாணில் ஒரு பட்டையை எடுத்தார்கள். அல்லது தொடையின் பின்பக்கத்து நாணை எடுத்தார்கள். இரண்டு எலும்பிலும் துளை போட்டு, அதை உள்ளே செலுத்திப் புது நாராகப் பொருத்தினார்கள்.

இன்று உலகெங்கும் பெரும்பாலும் நடப்பது இந்த ஆபரேஷன்தான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் நடக்கிறது. விளையாட்டு வீரர்கள் பலர் இதனால் மைதானத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

இதிலும் குறை உண்டு. ஒரு இடத்து நாணை எடுத்து இன்னொரு இடத்தில் வைப்பதால், எடுத்த இடம் சிலருக்கு வலிக்கிறது. புது நாரும் சிலருக்கு அறுந்துபோகிறது. மூட்டுத் தேய்மானம் வராது என்ற உத்தரவாதமும் இல்லை.

ஸ்வீடன் நாட்டு டாக்டர்கள் இன்னொரு கேள்வி கேட்டார்கள். எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டுமா? நார் அறுந்த 121 வாலிபர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். 62 பேருக்கு உடனே ஆபரேஷன். 59 பேருக்கு முதலில் தேகப் பயிற்சி வைத்தியம். தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010-ல் இரண்டு வருடக் கணக்கு வந்தது. பிறகு ஐந்து வருடக் கணக்கும் வந்தது. இரண்டு பிரிவினரின் நிலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சிப் பிரிவில் ஏறக்குறையப் பாதிப் பேர் கடைசிவரை ஆபரேஷன் இல்லாமலே சமாளித்துவிட்டார்கள்.

பழைய வழி திரும்புகிறது

இப்போது கதையில் ஒரு திருப்பம்.

பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டராக இருந்தவர் மார்த்தா மர்ரே என்ற பெண்மணி. மூட்டுக்குள் ரத்தம் உறைந்து நிற்காததுதானே குறை? உறைவு நிற்க ஒரு இடம் கொடுத்தால் என்ன? அவர் இப்படி யோசித்தார்.

மாட்டின் உடலில் உள்ள புரதத்திலிருந்து பஞ்சு போன்ற ஒரு பொருள் தயாரிக்கப்பட்டது. அறுந்த நாரின் முனைகளுக்கு நடுவே அதை வைத்து, நோயாளியின் ரத்தத்தையே அதில் ஊற வைப்பார்கள். தையலும் உண்டு. பஞ்சு பாலமாக நிற்கிறது. நார் அதன் வழியே வளர்கிறது. பிறகு பஞ்சு கரைந்துவிடுகிறது. வேறு இடத்து நாணை வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

100 பேரை வைத்துச் சோதனை நடந்தது. 65 பேருக்குப் புது முறை. 35 பேருக்கு வழக்கமான ஆபரேஷன். இரண்டு வருடத்தில் முழங்காலின் உறுதியும் நோயாளிகளின் திருப்தியும் ஒன்றுக்கொன்று குறைவில்லை என்று 2020-ல் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதியும் கிடைத்தது.

அந்த இரண்டு வருடத்தில் புது முறையில் 100-க்கு 14 பேருக்கும், வழக்கமான முறையில் 100-க்கு 6 பேருக்கும் நார் மறுபடியும் அறுந்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் குறைவு. ஆகவே, இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பது கணக்கு சாஸ்திரம் சொல்லும் பதில்.

வேறு சில டாக்டர்கள் பஞ்சு இல்லாமலே தையலுக்குத் திரும்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தைப்பதில்லை. நார் தொடை எலும்பின் ஓரத்தில் அறுந்திருந்தால் மட்டும் தைக்கிறார்கள்.

இந்த வைத்தியம் எல்லாம் நல்ல நோக்கத்தோடு வருகிறது. ஆனால் இரண்டு வருட வெற்றி எப்படிக் கரையும் என்பதை வெஸ்ட் பாயிண்ட் மாணவர்களின் முழங்கால்கள் ஏற்கனவே காட்டியிருக்கின்றன. அதை மறக்காமல் இந்த நோயாளிகளையும் பல வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வராமல் காப்பது

1976-ம் ஆண்டுக்கு வெஸ்ட் பாயிண்டில் இன்னொரு சிறப்பும் உண்டு. பெண்கள் முதல் தடவையாக அங்கே மாணவிகளாகச் சேர்ந்தது அந்த ஆண்டில்தான். சேர்ந்தவர்கள் 119 பேர்.

ஆணும் பெண்ணும் ஒரே மைதானத்தில் பயிற்சி எடுத்ததால் இன்னொரு கணக்கும் போட முடிந்தது. 1994 முதல் 2003 வரை தேறிய மாணவர்களைப் பற்றிய ஆராய்ச்சி 2007-ல் வெளியானது. நான்கு வருடப் படிப்புக் காலத்தில் 100-க்கு மூன்று பேருக்குச் சற்று மேல் இந்த நார் அறுந்திருந்தது. மொத்தத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இருவரும் ஆடும் ஆட்டங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பெண்களுக்கே அதிகம்.

ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்று கல்லூரிகளும் சேர்ந்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தின. மாணவர்களை ஒரு பெட்டி மேலிருந்து குதிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். யார் எப்படிக் கால் ஊன்றுகிறார்கள் என்று பார்த்தார்கள். இத்தகைய ஆராய்ச்சிகளால் எப்படிக் குதிக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. முழங்காலை விறைப்பாக வைக்காமல் நன்றாக மடக்கி இறங்க வேண்டும். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது.

ஆட்டத்துக்கு முன்னால் இதற்கான பயிற்சியைத் தவறாமல் செய்தால், நார் அறுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இதற்கு ஆஸ்பத்திரியும் வேண்டாம், பணமும் வேண்டாம். பள்ளிக்கூட மைதானத்தில் பதினைந்து இருபது நிமிஷம் போதும்.

கேட்க வேண்டிய கேள்வி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பேகின் வயோமிங் மாகாணத்தில் ஜாக்சன் என்ற ஊரில் வைத்தியம் செய்தார். அது பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் கூடும் மலைப் பிரதேசம். முழங்கால் நோயாளிகளுக்கு அங்கேயும் பஞ்சமில்லை. 1988-ல் குறுக்கு நார்களைப் பற்றி டாக்டர்களுக்கான பெரிய புத்தகம் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். பிறகு தாம் படித்த டியூக் சர்வகலாசாலையில் இளம் டாக்டர்களுக்குப் போதித்தார். 2019-ல் காலமானார்.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவ ஆஸ்பத்திரியில் விளையாட்டு வைத்தியத்தில் தேர்ச்சி பெற வரும் எலும்பு டாக்டர்களின் பயிற்சிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஜெயித்த ஆபரேஷனுக்காகப் பேர் வாங்கியவர்கள் உலகில் பலர். தோற்ற ஆபரேஷனை எண்ணிச் சொன்னதற்காக நினைக்கப்படுகிறவர்கள் சிலரே.

வீட்டில் ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ முழங்காலில் அடிபட்டு, டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால் பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. ஒரு கேள்வி கேட்டால் போதும்.

“டாக்டர், இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள்?”

நல்ல டாக்டர் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். பட்டாளத்து டாக்டர் ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.